தடம் காத்தவர்கள்: போனக்காட்டிலிருந்து அகத்தியர் மலைக்கு

விதுரையைக் கடந்து, காணித்தடம் சோதனைச் சாவடியைத் தாண்டி, மலைச் சரிவில் வளைந்து வளைந்து ஏறும் பேருந்து கடைசியில் வந்து நிற்கிற ஊர் போனக்காடு. திருவனந்தபுரம் நகரத்திலிருந்து சுமார் 60 கிலோமீட்டர். மூடிக் கிடக்கும் ஒரு தேயிலைத் தொழிற்சாலை, ஓடு சரிந்த தொழிலாளர் லயங்கள், சற்று மேலே வனத்துறையின் பிக்கெட் ஸ்டேஷன். அதற்கப்பால் ஒற்றையடிப் பாதைதான். ஆறுகளைத் தாண்டி, புல்மேடு ஏறி, சோலைக்காட்டுக்குள் நுழைந்து, கடைசியில் பாறையில் கயிறு பிடித்து, 20 கிலோமீட்டருக்குச் சற்றுக் கூடுதலாக நடந்தால் 1,868 மீட்டர் உயரத்தில் அகத்தியர்கூடம். பொதிகை என்றும் பொதியில் என்றும் தமிழ் நூல்கள் சொல்லும் மலையின் முடி அதுதான்.

விழா மலரில் நிறுவன வரலாறு எழுதுகிறவர்கள் நிறுவியவர் யார், முதல் கட்டடம் எப்போது எழுந்தது, தலைவர்களும் செயலாளர்களும் யார் யார் என்று வரிசைப்படுத்துவது வழக்கம். இந்தப் பாதைக்கு நிறுவனர் கிடையாது. பதிவு எண்ணும் கிடையாது. ஆனாலும் இதை ஒரு நிறுவனம் என்று சொல்ல எனக்குத் தயக்கமில்லை. மழைக்காட்டில் சில பருவமழைக் காலம் ஒருவரும் நடக்காமல் விட்டால் ஈத்தையும் பிரம்பும் தடத்தை மூடிவிடும். இன்றைக்கும் அது நம் காலுக்கடியில் இருக்கிறதென்றால், தலைமுறைதோறும் யாரோ முன்னால் நடந்திருக்கிறார்கள், மூடியதை வெட்டித் திறந்திருக்கிறார்கள், பின்னால் வருகிறவருக்கு வழி காட்டியிருக்கிறார்கள். திருவிதாங்கூர் வானாய்வு நிலையம், வனத்துறை, தேயிலைத் தோட்டம், பாலோடு தாவரவியல் பூங்கா என இந்த மலையோடு தொடர்புடைய அமைப்புகள் தத்தம் வரலாற்றைத் தாங்களே எழுதி வைத்திருக்கின்றன. அவற்றிலெல்லாம் முன்னால் நடந்தவரின் பெயர் மட்டும் பெரும்பாலும் விடுபட்டுப் போயிருக்கிறது. அதனால் இந்தக் கட்டுரை அவர்களிடமிருந்தே தொடங்குகிறது.

காணிகளின் மலை

காணிக்காரர் என்றும் காணிகள் என்றும் அழைக்கப்படும் மக்கள் இந்த மலைத்தொடரின் இரு சரிவுகளிலும் வாழ்கிறார்கள். மேற்கே திருவனந்தபுரம், கொல்லம் மாவட்டங்கள். கிழக்கிலும் தெற்கிலும் திருநெல்வேலி, கன்னியாகுமரி மாவட்டங்கள். அவர்களுடைய மலம்பாஷை தமிழும் மலையாளமும் பிரியாமல் கலந்து ஓடுகிற பேச்சு. ஊர்த் தலைவர் மூட்டுக்காணி. நோய்க்கு மருந்தும் மந்திரமும் தெரிந்தவர் பிலாத்தி. பிணி தீர்க்கவும் தெய்வத்தை அழைக்கவும் பாடுகிற சாற்றுப்பாட்டு இரவு முழுக்க நீளும். வீடு கட்டுவதும் கூடை முடைவதும் ஈத்தையால். தேன், கிழங்கு, குங்கிலியம் ஆகியவற்றைக் காடு தந்தது. காட்டில் எந்த மாதம் எந்த ஓடையில் நீர் நிற்கும், யானை எந்த வழியாக இறங்கும் என்பதும் அவர்களுக்குத் தெரியும். வேறு யாருக்கும் அது அந்த அளவுக்குத் தெரியாது.

மார்த்தாண்ட வர்மா எதிரிகளுக்கு மறைந்து திரிந்த காலத்தில் காணிகள் அடைக்கலம் தந்தார்கள் என்பது அவர்கள் வழிவழியாகச் சொல்லிவரும் செய்தி. ஓணக் காலத்தில் மலையிறங்கிவந்து திருவனந்தபுரம் அரண்மனையில் தேனும் காட்டு விளைபொருளும் காணிக்கை வைக்கும் வழக்கம் அந்த உறவின் தொடர்ச்சி. அரசாட்சி முடிந்த பிறகும் அது நிற்கவில்லை.

அகத்தியர் அவர்களுக்குக் குலதெய்வம். நமக்கு அவர் தமிழ் முனிவர், இலக்கணம் கண்டவர், சித்த மருத்துவத்தின் ஆசான். இந்த மலையை ஆண்ட ஆய் அண்டிரனைப் புறநானூற்றுப் புலவர்கள் பாடியிருக்கிறார்கள். கிரேக்க நிலவியலாளர் தாலமி கி.பி. இரண்டாம் நூற்றாண்டில் குறித்த பெட்டிகோ மலை பொதிகைதான் என்று அறிஞர்கள் சொல்வதுண்டு. ஏழாம் நூற்றாண்டில் இந்தியாவில் பயணம் செய்த சுவான்சாங் எழுதிய பொதாலகம், அவலோகிதேசுவரர் உறையும் மலை, இதுவாக இருக்கலாம் என்று வாதிடும் ஆய்வாளர்களும் உண்டு. சைவரும் பௌத்தரும் வைத்தியரும் காணிகளும் ஒரே முடியை நோக்கி நடந்திருக்கிறார்கள். கிழக்கே பாபநாசம், காரையாறு வழியாக ஏறிய தமிழ்நாட்டு அடியவர் கூட்டம் ஒன்று. மேற்கே மலையாளக் கரையிலிருந்து ஏறிய கூட்டம் ஒன்று. இன்று முறைப்படி அனுமதி பெற்று உச்சிக்குச் செல்லும் வழி போனக்காட்டு வழிதான். திருநெல்வேலிக்காரரும் அம்பாசமுத்திரத்துக்காரரும் தங்கள் மலையின் உச்சியைக் காண மேற்குத் தொடர்ச்சி மலையைச் சுற்றிக்கொண்டு போனக்காட்டுக்கு வரவேண்டியிருக்கிறது.

மலையுச்சியில் ஒரு காந்த ஆய்வுக்கூடம்

இந்த மலையின் எழுத்து வரலாற்றில் மிகவும் வியப்பூட்டும் அத்தியாயம் 1855இல் நடந்தது. தலைநகரிலேயே இன்று பலருக்கு அது தெரியாது.

சுவாதித் திருநாள் மகாராஜா 1837இல் திருவனந்தபுரத்தில் ஒரு வானாய்வு நிலையம் அமைத்தார். மதராஸ் பொறியாளர் படையைச் சேர்ந்த கேப்டன் ஹார்ஸ்லி கட்டடத்தை வடிவமைத்தார். ஆலப்புழையில் திருவிதாங்கூர் அரசின் வணிக முகவராக இருந்த ஜான் கால்டிகாட், சொந்தக் கருவிகளை வைத்துக்கொண்டு விண்மீன் பார்த்துவந்தவர். அவரே முதல் இயக்குநர் ஆனார். ஊர் மக்கள் அந்தக் கட்டடத்தை நட்சத்திர பங்களா என்றார்கள். நகரத்தில் அந்தக் குன்றுக்கு இன்றும் அப்சர்வேட்டரி ஹில் என்றுதான் பெயர். நிலையம் இப்போது கேரளப் பல்கலைக்கழகத்தின் கையில் இருக்கிறது.

1849இல் கால்டிகாட் காலமானார். 1852 ஜனவரியில் ஸ்காட்லாந்துக்காரர் ஜான் ஆலன் பிரௌன் பொறுப்பேற்க வந்தார். டம்ஃபிரீஸில் பிறந்தவர். மேக்கர்ஸ்டவுனில் பிரிஸ்பேன் நிறுவிய காந்த ஆய்வகத்தை நடத்தித் தேர்ந்தவர். அவர் மனத்தை அப்போது ஒரு கேள்வி பிடித்திருந்தது. காந்த ஊசி நாள்தோறும் காலையும் மாலையும் சிறிது சிறிதாக இடவலமாக அசைகிறது. அந்த அசைவு தரையிலும் உயரத்திலும் ஒன்றுபோல் இருக்குமா? பூமியின் காந்த நடுக்கோட்டுக்குத் திருவனந்தபுரம் மிக அருகில் இருக்கிறது. அந்தக் கோட்டருகே நீண்ட காலம் தொடர்ந்து எடுத்த அளவீடு அன்று உலகத்தில் அரிது. கடலோரத்தில் ஒரு நிலையம், அதே பகுதியில் 6,000 அடிக்கு மேல் இன்னொன்று என்று இரண்டையும் ஒப்பிட முடிந்தால் விடை கிடைக்கும். அவர் கண்ணில் பட்டது அகத்தியர் மலை.

உத்திரம் திருநாள் மகாராஜா ஆட்சிக்காலத்தில், 1855இல், 6,000 அடிக்கு மேலான உயரத்தில் அந்த ஆய்வுக்கூடம் எழுந்தது. இதைச் சாதாரணமாகப் படித்துவிட்டுப் போக என்னால் முடியவில்லை. வண்டிப்பாதை இல்லாத மலை. யானையும் புலியும் நடமாடும் காடு. மேலே போனால் மேகமும் குளிரும் காற்றும். மரமும் ஓடும், கண்ணாடியும் பித்தளையுமான நுட்பக் கருவிகளும் மனிதர் தோளிலும் தலையிலும்தான் ஏறியிருக்க வேண்டும். கருவியை ஏற்றிவிட்டால் வேலை முடிந்துவிடாது. அங்கே ஆள் தங்க வேண்டும், இரவும் பகலும் மணிக்கு மணி ஊசியைப் பார்த்து எண் எழுத வேண்டும், அதே நேரத்தில் கீழே திருவனந்தபுரத்திலும் இன்னொருவர் எழுத வேண்டும். அந்த உதவியாளர்கள் இந்த நாட்டுக்காரர்கள். பொதிகை முடியில் மழையும் மேகமும் சூழ உட்கார்ந்து, அகத்தியருக்குப் பக்கத்தில், விளக்கொளியில் ஊசியின் அசைவைக் குறித்தவர்கள். தமிழ்நாட்டின், கேரளத்தின் அறிவியல் வரலாறு எழுதப்படும்போதெல்லாம் இவர்களுக்கு ஒரு பக்கமாவது ஒதுக்கப்பட வேண்டும்.

திருவனந்தபுரம் நிலையத்தையும் அகத்தியர் முடி நிலையத்தையும் பற்றிய பிரௌனின் அறிக்கை 1857இல் திருவனந்தபுரத்திலேயே அச்சானது. அளவீடுகளைத் தொகுத்த பெரும் நூல் 1874இல் லண்டனில் வெளிவந்தது. தலைப்பிலேயே திருவனந்தபுரமும் அகஸ்தியமலையும் பக்கம் பக்கமாக இருக்கின்றன. பூமியின் காந்த வலிமை ஓரிடத்தில் கூடி ஓரிடத்தில் குறைவதாக இல்லாமல், முழுதாகவே ஏறி இறங்குகிறது என்று அவர் காட்டினார். ஏறக்குறைய 26 நாளுக்கு ஒருமுறை திரும்பி வரும் அலையைக் கண்டு அதைச் சூரியனின் சுழற்சியோடு இணைத்தார். இந்தப் பணிகளுக்காக 1878இல் ராயல் சொசைட்டி அவருக்கு ராயல் பதக்கம் அளித்தது. மறு ஆண்டில் அவர் மறைந்தார்.

அவர் 1865இல் ஊர் திரும்பிய பிறகு மலையுச்சிக் கூடம் நெடுநாள் நிலைக்கவில்லை. மழை அதைத் தின்றுவிட்டது. கீழே அவர் முன்னின்று தொடங்கிய இன்னொரு காரியம் மட்டும் வளர்ந்தது: 1857இல் மக்களுக்குத் திறக்கப்பட்ட அருங்காட்சியகமும் 1859இல் அமைந்த மிருகக்காட்சிசாலையும். ஞாயிற்றுக்கிழமை மாலையில் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு மியூசியம் வளாகத்தில் உலாவும் திருவனந்தபுரத்துத் தமிழ்க் குடும்பங்கள் அந்த மனிதரை ஒரு கணம் நினைத்துக்கொள்ளலாம்.

கருவிகளைச் சுமந்தவர்கள் யார், அவர்களுக்கு வழி காட்டிய காணிகள் யார் என்று தேடினால் பெயர் அகப்படுவதில்லை. அதற்கு முன் 1816 முதல் 1820 வரை வார்டும் கானரும் திருவிதாங்கூர் முழுவதையும் அளந்த நில அளவைக்கும், பிற்காலத்தில் காடுகளின் தலைமை அதிகாரி போர்டிலன் எழுதிய வன அறிக்கைக்கும் இதே நிலைதான். இந்த அதிகாரிகளின் உழைப்பைக் குறைத்துச் சொல்லவில்லை. போர்டிலனின் திருவிதாங்கூர் மரங்கள் பற்றிய நூல் இல்லாவிட்டால் இந்தக் காட்டின் பாதி மரங்களை நாம் பெயர் சொல்லி அறிந்திருக்க மாட்டோம். ஆனால் மரத்தின் பெயரை அவருக்குச் சொன்ன வாய் யாருடையது?

தோட்டமும் அணையும்

வெள்ளையர் காலத்தில் மலைச்சரிவுகளில் காட்டை வெட்டித் தேயிலை வைத்தார்கள். போனக்காடு அப்படி உருவான ஊர். தோட்ட வேலைக்கு வந்தவர்களில் தமிழ் பேசும் குடும்பங்கள் ஏராளம். கொழுந்து கிள்ளியும் கவ்வாத்து வெட்டியும் தலைமுறைகளை ஓட்டிய அந்தக் குடும்பங்களின் பிள்ளைகள் லயங்களிலேயே பிறந்து, அங்கேயே திருமணம் முடித்து, அங்கேயே முதுமை அடைந்தார்கள். அகத்தியர் மலைக்குப் போகும் வழி வண்டி வரும் வழியாக மாறியதற்குத் தோட்டம்தான் காரணம். தேயிலைப் பெட்டி இறங்குவதற்காகப் போட்ட சாலையில்தான் இன்றைய நடைப்பயணிகள் ஏறி வருகிறார்கள்.

தோட்டம் பல ஆண்டுகளாக முடங்கிக் கிடக்கிறது. சம்பள பாக்கியும் பணிக்கொடையும் கிடைக்காமல் காத்திருந்தவர்களில் பலர் இறந்தும் போனார்கள். தேயிலைச் செடிகள் ஆள் உயரத்துக்கு மேல் மரமாக வளர்ந்து நிற்கின்றன. இந்த ஊரைப் பற்றி இணையத்திலும் தொலைக்காட்சியிலும் அதிகம் பேசப்படுவது மேலே இடிந்து கிடக்கும் பழைய துரை பங்களாவில் பேய் இருக்கிறது என்ற கதை. இரவில் கேமராவோடு ஏறிவரும் இளைஞர்கள், வழியில் மழை ஒழுகும் லயத்துக்குள் ஒரு முதியவள் கஞ்சி காய்ச்சிக்கொண்டிருப்பதைப் பார்க்காமல் போய்விடுகிறார்கள். எனக்கு அது பெரிய வருத்தம். போனக்காட்டைப் பற்றி எழுதுகிற யாரும் பேயை விட்டுவிட்டு அந்தப் பாட்டியிடம் நாலு வார்த்தை கேட்டால் இந்த ஊரின் வரலாறு அவர் மடியிலிருந்து வந்துவிடும்.

அணையைப் பற்றி ஓரிரு வரி போதும். பொதிகையின் கிழக்கே தாமிரபரணி பிறக்கிறது. மேற்கே நெய்யாறும் கரமனையாறும். திருவனந்தபுரம் நகரக் குடிநீருக்கு 1933இல் அருவிக்கரையில் திட்டம் தொடங்கியது. பிறகு அதே கரமனையாற்றில் மேலே 1983இல் பேப்பாறை அணை வந்தது. காடும் அந்த ஆண்டே பேப்பாறை சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. நெய்யாறு சரணாலயம் அதற்கும் முன்பே, 1958இல். நகரத்தில் குழாயைத் திறக்கிற ஒவ்வொரு வீட்டுக்கும் இந்த நடைவழி கடக்கிற ஓடைகளோடு உறவு இருக்கிறது.

1987 டிசம்பர்

பழங்குடி அறிவை ஆராயும் அகில இந்தியத் திட்டத்தின் கீழ், புஷ்பாங்கதன் தலைமையிலான தாவரவியலாளர் குழு ஒன்று 1987 டிசம்பரில் அகத்தியர் மலைக் காட்டுக்குள் நடந்தது. கூட வந்த காணி இளைஞர்கள் சளைக்காமல் ஏறினார்கள். இடையிடையே ஏதோ ஒரு சிறு காயை மென்றுகொண்டிருந்தார்கள். களைத்துப்போன விஞ்ஞானிகளுக்கும் தந்தார்கள். தின்றவர்களுக்குக் களைப்பு நீங்கியது. என்ன செடி என்று கேட்டதும் இளைஞர்கள் வாயை மூடிக்கொண்டார்கள். அது குலத்துக்குள் காக்கப்படும் அறிவு. தவறாகப் பயன்படுத்த மாட்டோம் என்று பலமுறை உறுதி சொன்ன பிறகே செடியைக் காட்டினார்கள். அதுதான் ஆரோக்கியப்பச்சை. ஈரமான மலைக்காட்டின் நிழலில், ஓடைக் கரையோரம் வளரும் சின்னஞ்சிறு செடி.

1979இல் பாலோட்டில் தொடங்கிய வெப்பமண்டலத் தாவரவியல் பூங்கா, பின்னாளில் ஜவகர்லால் நேரு பெயர் சூட்டப்பட்ட நிறுவனம், அந்தச் செடியை ஆராய்ந்தது. அமுக்கரா, திப்பிலி, விஷ்ணுகிராந்தி ஆகிய மூன்றையும் சேர்த்து ஜீவனி என்ற மருந்தை உருவாக்கியது. கோவை ஆர்ய வைத்திய பார்மசிக்கு 10 லட்சம் ரூபாய் உரிமத் தொகைக்குத் தயாரிப்பு உரிமை தரப்பட்டது. உரிமத் தொகையிலும் விற்பனைப் பங்கிலும் சரிபாதி காணிகளுக்கு என்று நிறுவனம் முடிவு செய்தது. அதைப் பெற்று நடத்த 1997இல் காணிகளுக்கென ஓர் அறக்கட்டளை பதிவாயிற்று. பாரம்பரிய அறிவுக்கு உரியவர்களோடு லாபத்தைப் பகிர்ந்துகொண்ட தொடக்ககால எடுத்துக்காட்டாக உலகம் இதைப் பேசியது, ஐ.நா. அரங்குகளில் பாராட்டும் கிடைத்தது.

அந்த நடையில் வழிகாட்டியாகப் போனவர்களின் பெயர் மல்லன் காணி, குட்டிமாத்தன் காணி. நான் அறிந்த வரையில், இந்த மலையில் முன்னால் நடந்தவரின் பெயர் உலக ஆவணங்களில் ஏறியது அந்த முறைதான். ஒரு பெயர் ஏறியதால் என்ன மாறியது என்று பாருங்கள். ஒப்பந்தம் வந்தது, அறக்கட்டளை வந்தது, அறிவுக்கு உரிமை உண்டு என்ற வாதம் வந்தது. சிக்கலும் வந்தது. காட்டுக்குள் செடியைப் பயிரிடவும் இலை சேகரிக்கவும் வனச் சட்டம் இடம் தருமா என்ற இழுபறியில் உற்பத்தி தடுமாறியது. எல்லாக் காணிக் குடியிருப்புகளையும் கலந்து பேசவில்லை என்ற மனக்குறையும் எழுந்தது. வந்த பணம் பெரிதல்ல. என்றாலும், ‘இதை எங்களுக்குச் சொன்னவர் இன்னார்’ என்று ஓர் அறிவியல் நிறுவனம் எழுதிக் கையெழுத்திட்டது எனக்கு மிகப் பெரியதாகப் படுகிறது.

இதே காடு பூச்செடியால் பட்ட பாட்டையும் சொல்ல வேண்டும். கர்னல் ஹெபர் ட்ரூரி 1865இல் இங்கே கண்டெடுத்த மஞ்சள் நிற ஆர்க்கிட் ஒன்று, அவர் பெயராலேயே பாபியோபெடிலம் ட்ரூரி என்று அழைக்கப்படுகிறது. உலகில் வேறெங்கும் இயற்கையாக இல்லாதது. அழிந்துபோனதென்று கருதப்பட்டு 1972இல் மீண்டும் கண்டுபிடிக்கப்பட்டது. கண்டுபிடித்த செய்தி பரவியதும் செடி சேகரிப்போர் வந்து அள்ளிக்கொண்டு போனார்கள். பாதை நல்லவரையும் கொண்டுவரும், அள்ளிச் செல்பவரையும் கொண்டுவரும். இன்றைய கட்டுப்பாடுகளைக் குறை சொல்கிறவர்கள் இந்த ஆர்க்கிட்டின் கதையை நினைவில் வைத்துக்கொள்வது நல்லது.

இன்றைய நடை

2001இல் அகத்தியமலை உயிர்க்கோளக் காப்பகம் அமைந்தது. தமிழ்நாடும் கேரளமும் சேர்ந்த 3,500 சதுர கிலோமீட்டர். 2016 மார்ச்சில் யுனெஸ்கோ தன் உலக வலையமைப்பில் அதைச் சேர்த்தது. 2,254 வகை உயர்தாவரங்கள், அவற்றில் சுமார் 400 இந்த மண்ணுக்கே உரியவை என்பது யுனெஸ்கோவின் கணக்கு.

நடைப் பருவம் மகரவிளக்குக்கும் சிவராத்திரிக்கும் இடைப்பட்டது. முன்பு அடியவர் வழக்கம். இப்போது வனத்துறை விதி. நாளொன்றுக்கு ஏறக்குறைய 100 பேர் என்ற வரம்பு பல ஆண்டுகளாக இருந்துவருகிறது. முன்பதிவு திறந்த சிறிது நேரத்தில் இடம் தீர்ந்துவிடுகிறது. பிளாஸ்டிக்கும் மதுவும் கூடாது. பிக்கெட் ஸ்டேஷனில் பையைச் சோதித்து, வழிகாட்டியோடு குழுவாக அனுப்புகிறார்கள். லாத்திமொட்டை, கரமனையாறு, வாழைப்பைந்தியாறு, அட்டையாறு என்று வழிநெடுகக் காவல் முகாம்கள். முதல் பகுதி மரநிழல், நீரோடை, பாறைத் தாண்டல். பிறகு திடீரென்று வானம் திறந்து புல்மேடு வருகிறது. தலைக்கு மேல் வெயிலும், எதிரே முகடும். ஏழுமடக்கத்தேரி அங்கேதான். மடக்கு மடக்காக ஏறும் அந்தச் சரிவில் பேச்சு நின்றுவிடும். அதைத் தாண்டினால் முட்டிடிச்சான் தேரி. ஏறும்போது முழங்கால் நெஞ்சில் இடிக்கும். மாலைக்குள் அதிருமலை முகாம். அங்கே காணிகளும் சேர்ந்த சூழல் மேம்பாட்டுக் குழுவினர் சூடான கஞ்சி தருகிறார்கள். மறுநாள் காலையில் மீதி ஆறேழு கிலோமீட்டர்: ஈத்தைக் காடு, பொங்காலப்பாறை, பிறகு காற்றில் குனிந்து நிற்கும் குட்டை மரங்கள், கயிறு கட்டிய பாறைச் சரிவு. உச்சியில் அகத்தியர் சிலை. மேகம் விலகினால் மேற்கே பேப்பாறை நீர்த்தேக்கமும் கிழக்கே திருநெல்வேலிச் சீமையும் தெரியும்.

வழியெங்கும் முகாம்களில் நிற்பவர்களும், குழுக்களுக்கு முன்னால் நடப்பவர்களும், காலில் சுளுக்கு விழுந்தவரை முதுகில் சுமந்து இறக்குகிறவர்களும் பெரும்பாலும் காணிகள். 1855இல் தோளில் கருவியைச் சுமந்தவர்களின் வேலைக்கும் இதற்கும் பெரிய வேறுபாடு இல்லை. பருவம் முடிந்தால் அவர்கள் வருமானமும் குறைந்துவிடுகிறது. ஆண்டு முழுவதும் பாதையைப் பார்த்துக்கொள்ளும் நிரந்தரப் பணி அவர்களுக்குத் தரப்பட வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

நெடுங்காலம் இந்த முடிக்குப் பெண்கள் போக அனுமதி இல்லை. பெண்கள் அமைப்புகள் நீதிமன்றம் சென்றன. 2018 நவம்பரில் கேரள உயர் நீதிமன்றம் பாகுபாடு கூடாது என்று தீர்ப்பளித்தது. 2019 ஜனவரி 14 அன்று பருவம் தொடங்கியபோது பாதுகாப்புத் துறையின் செய்தித் தொடர்பாளரான தன்யா சனல் போனக்காட்டிலிருந்து புறப்பட்டு உச்சியை அடைந்தார். அன்று பிக்கெட் ஸ்டேஷன் அருகே காணி ஆண்களும் பெண்களும் கூடி உட்கார்ந்து பாட்டுப் பாடி எதிர்ப்புத் தெரிவித்தார்கள். யாரையும் தடுக்கவில்லை. குலதெய்வத்தின் இடம் குறித்த தங்கள் வழக்கத்தை மற்றவர்கள் கேட்காமல் முடிவு செய்கிறார்கள் என்பது அவர்கள் குறை. பெண்கள் ஏறியது சரி என்றே நான் நினைக்கிறேன். தெய்வத்தின் மலையில் பாதி மனிதகுலத்துக்கு வழியில்லை என்பதை என்னால் ஏற்க முடியாது. ஆனால் காணிகளை ஒரு முறையாவது முன்கூட்டி உட்கார வைத்துப் பேசியிருக்கலாம். அவர்கள் எதிர்த்தும் மறிக்காமல் வழிவிட்டதை இந்தப் பாதையின் பெருமைகளில் ஒன்றாகவே எழுதி வைக்க வேண்டும்.

கடல் கடந்து ஓர் ஒப்பீடு

இங்கிலாந்தின் தெற்கில், ஈஸ்ட்போர்னிலிருந்து வின்செஸ்டர் வரை, சவுத் டவுன்ஸ் என்ற சுண்ணாம்புக் குன்றுகளின் முதுகோடு 160 கிலோமீட்டர் நீளத்துக்கு ஒரு நடைவழி போகிறது. கிழக்கு முனையில் அது கடலை ஒட்டி, செவன் சிஸ்டர்ஸ் என்னும் வெண்ணிறப் பாறைகளின் விளிம்பில் ஏறி இறங்குகிறது. ஆடு மேய்ந்த கட்டைப் புல், கீழே கடல், எப்போதும் காற்று. நம் மழைக்காட்டுக்கும் அதற்கும் தோற்றத்தில் ஒற்றுமை ஏதுமில்லை. ஆனால் அதன் வரலாறு நமக்குப் பயன்படும். அந்தக் குன்றுகளில் வீடுகள் கட்ட முனைந்தபோது, 1923இல் சொசைட்டி ஆஃப் சசெக்ஸ் டவுன்ஸ்மென் என்று ஊர்க்காரர்கள் சங்கம் சேர்ந்து குன்றையும் பாதைகளையும் காத்தார்கள். 1949இல் நாடாளுமன்றம் தேசியப் பூங்காக்களுக்கும் நெடுவழிகளுக்கும் சட்டம் இயற்றியது. 1972இல் அந்த நெடுவழி முறையாகத் திறக்கப்பட்டது. சுண்ணாம்பு மெல்லிய கல். அலை அடிவாரத்தை அரிக்க, விளிம்பு இடிந்துகொண்டே இருக்கிறது. விளிம்பு பின்வாங்கப் பின்வாங்கப் பாதையையும் உள்ளே தள்ளிப் போட்டுக்கொள்கிறார்கள்.

அங்கே பொதுவழியில் நடப்பது மக்களின் சட்ட உரிமை. நிலம் யாருடையதானாலும் நடப்பவரைத் தடுக்க முடியாது. அந்த உரிமையை அப்படியே பொதிகைக்குக் கொண்டுவர வேண்டும் என்று நான் சொல்ல மாட்டேன். யானையும் வரையாடும் ட்ரூரியின் ஆர்க்கிட்டும் வாழும் காட்டில் ஆண்டுக்குச் சில வாரம் மட்டும் திறந்து, மீதி நாள் காட்டுக்கே விட்டுவிடுவதுதான் முறை. அவர்களிடம் நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது வேறு. பாதை எங்கே போனது, எப்போது நகர்ந்தது, யார் காத்தார் என்று அவர்கள் எழுதி வைக்கிறார்கள். 

போனக்காட்டுக்கு அப்படி ஓர் ஏடு வேண்டும். திருவனந்தபுரத்தில் வாழும் தமிழர்களாகிய நாம் அதைத் தொடங்கலாம்; இரு மொழியும் நமக்குத் தெரியும், மலையின் இரு சரிவிலும் நமக்கு உறவு இருக்கிறது. பிரௌனின் 1857 அறிக்கையையும் 1874 நூலையும் தமிழிலும் மலையாளத்திலும் சுருக்கி வெளியிடலாம். அதிருமலை முகாமிலும் வழிக் காவல் முகாம்களிலும் பணியாற்றிய காணி வழிகாட்டிகளின் பெயர்களை, அவர்கள் விரும்பினால், ஆண்டுவாரியாகப் பதிவு செய்யலாம். சாற்றுப்பாட்டைப் பதிவு செய்வதானால் பாடுகிறவரின் ஒப்புதலோடும் உரிமையோடும் செய்ய வேண்டும். ஆரோக்கியப்பச்சை அந்த முறையை நமக்குக் கற்றுத் தந்திருக்கிறது. லயங்களில் இருக்கும் மூத்த தோட்டத் தொழிலாளர்களுக்கு எண்பது வயது நெருங்குகிறது. தோட்டம் ஓடிய நாட்களை நினைவில் வைத்திருப்பவர்கள் அவர்கள்தான். அடுத்த மகரவிளக்குக்குப் பிறகு ஊர் நடைப்பயணிகளால் நிறைந்துவிடும். அதற்கு முன், மார்கழிக்குள், ஒலிப்பதிவுக் கருவியோடு அவர்களிடம் போய் உட்கார வேண்டும்.